9ஆவது கேள்வியை யார் பார்க்கிறார்கள்?

வீடியோ அழைப்பு வழியாகத் தரும் மனநல சிகிச்சைக்கு நல்ல இணைப்பும் ஹெட்போனும் போதும் என்று ஒரு கட்டுரை சொல்கிறது. போதாது. ஒவ்வொரு அமர்விலும் சிகிச்சையாளர் முதலில் ‘இப்போது எங்கே இருக்கிறீர்கள், அறையில் வேறு யாராவது உண்டா?’ என்று கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். ஆபத்து நேரத்தில் பதிவிலுள்ள முகவரிக்கு ஆம்புலன்ஸ் போய், ஆள் வேறு ஊரில் இருந்தால் என்ன பயன்? இணைப்பு அறுந்தால் யார் அழைப்பது என்பதையும் பேசிவிடுங்கள். இல்லையேல் இருவரும் ஒரே நேரத்தில் அழைத்து இருவருக்கும் ‘பிஸி’தான்.

பெரிய ஓட்டை, சிகிச்சை பெறுபவர் செயலியில் நிரப்பும் வினாப்பட்டியலில். மனச்சோர்வை அளக்கும் ஒன்பது கேள்விப் பட்டியலான பிஎச்க்யூ-9இல் (PHQ-9) மொத்தம் 27 மதிப்பெண்; கூடக் கூட மனச்சோர்வு அதிகம். கவனிக்க வேண்டிய எல்லையாகக் கொள்ளும் 10ஐத் தொடவில்லையே என்று சிகிச்சையாளர்கள் விட்டுவிடுகிறார்கள். மொத்தம் 6தான் என்றாலும், தற்கொலை எண்ணம் பற்றிய 9ஆவது கேள்விக்கு 0 இல்லாமல் 1 விழுந்திருந்தாலே அன்றே பேசியாக வேண்டும். நள்ளிரவில் நிரப்பியது அடுத்த அமர்வு வரை திறக்கப்படாமல் கிடக்கலாம். அமர்வுக்குச் சற்று முன்பு நிரப்பச் சொல்வதே பாதுகாப்பு.