இறாலும் எலுமிச்சையும் சேர்ந்தால் விஷமா?

"இறால் சாப்பிட்டபின் எலுமிச்சையோ வைட்டமின் சி மாத்திரையோ எடுத்தால் வயிற்றில் ஆர்சனிக் விஷம் உருவாகும்; தைவானில் ஒரு பெண் இப்படித்தான் இறந்தார்" என்ற வாட்ஸ்அப் தகவல் மறுபடியும் சுற்றுகிறது. மின்னஞ்சல் காலத்திலேயே வந்த பழைய கதை இது.

தகவல் தவறு. இறாலில் ஆர்சனிக் இருப்பது உண்மைதான். ஆனால் அதில் பெரும்பகுதி ஆர்சனோபீட்டைன் என்ற கரிமச் சேர்மம். உடலில் தங்காமல் அப்படியே சிறுநீரில் போய்விடும். நச்சுத்தன்மை மிகுந்த கனிம வகை மிகச் சொற்பம். தட்டில் பிழியும் எலுமிச்சை அதை ஆளைக் கொல்லும் அளவுக்குக் கொண்டுபோகாது. கடல் உணவில் உள்ள கரிம ஆர்சனிக் தீங்கு குறைந்தது என்று உலக சுகாதார நிறுவனத்தின் இணையதளத்தில், ஆர்சனிக் பற்றிய பக்கத்திலேயே இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம்.

எனவே இறால் வேகவைக்கும் தண்ணீரில் உப்பு, மிளகோடு எலுமிச்சைத் துண்டும் தாராளமாகப் போடலாம். தளதளவென்று கொதிக்க வேண்டாம். நடுத்தர இறாலுக்கு இரண்டு மூன்று நிமிடம் போதும். சதையின் கண்ணாடித்தன்மை போய் வெளுத்ததும் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் ரப்பர்தான். அப்புறம், இறால் ஒவ்வாமை உள்ளவர்கள் எலுமிச்சை இருந்தாலும் இல்லாவிட்டாலும் தொடக்கூடாது. உண்மையான ஆபத்து அதுதான்.

அந்தத் தகவல் வந்தால் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பியவருக்கு இதைச் சொல்லிவிடுங்கள்.