ஸ்பானிஷ் சீடர் (cedar) மரம் தேவதாரு அல்ல

சுருட்டுப் பெட்டியின் உட்பலகைக்குச் சொல்லப்படும் ஸ்பானிஷ் சீடரும் தேவதாருவும் ஒன்றே, எதையும் போடலாம் என்று இங்கே சிலர் பகிர்ந்திருக்கிறீர்கள். தேவதாருவையும் ஆங்கிலத்தில் சீடர் என்பதால், பெயரால் வரும் குழப்பம்தான், ஆனால் இரண்டும் வேறு.

ஸ்பானிஷ் சீடரின் தாவரவியல் பெயர் செட்ரெலா ஒடோராட்டா (Cedrela odorata). ஸ்பெயின் மரமும் அல்ல. மத்திய, தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. குடும்பம் மகோகனியுடையது, நம் வேம்பும் அதே குடும்பம்தான்! தேவதாருவோ இமயமலையின் ஊசியிலை மரம், பைன் குடும்பம். அதன் எண்ணெய் வாசம் தூக்கலானது, புகையிலையில் ஏறிவிடும்.

கடையிலேயே சோதிக்கலாம். பலகையின் வெட்டுமுனையைக் கத்தியால் வழவழப்பாகச் சீவி, 10 மடங்கு லென்ஸில் பாருங்கள். செட்ரெலாவில் நீர் செல்லும் குழாய்களின் துளைகள் தெளிவாகத் தெரியும். ஊசியிலை மரங்களில் அந்தக் குழாய்த் துளைகளே கிடையாது. சந்தேகமிருந்தால், கியூ தாவரவியல் பூங்காவின் இணையப் பட்டியலில் செட்ரெலா என்று தேடினால் குடும்பப் பெயர் மீலியேசி (Meliaceae), அதாவது மகோகனிக் குடும்பம் என்று வரும்.