ராம் சார் எந்த டிபார்ட்மென்ட்?

இன்னொரு தடவை யாராவது "ஆளுக்கு ரெண்டு ஸ்லைடு பிரிச்சுக்கலாம் மச்சி" என்று என்னிடம் சொன்னால், ஒரு கும்பிடு போட்டுவிட்டு நேராக அரியர் வாங்கிக்கொள்கிறேன். அதில் குறைந்தபட்சம் தனியாகத் தோற்கும் சுகமாவது இருக்கிறது.

ரோல் நம்பர்படி பிரித்த குரூப். 31 முதல் 35 வரை. நான் 32, அப்பா அம்மா வைத்த பெயரின் முதல் எழுத்து செய்த பாவம். தலைப்பு பள்ளிக்கரணை சதுப்புநிலம், அவகாசம் மூன்று வாரம். வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்த அன்று நான்கு கட்டைவிரல்கள் வந்து விழுந்தன. அப்புறம் மூன்று வாரமும் அங்கே கிரிக்கெட் சண்டைதான்.

முந்தைய நாள் இரவு 11.40க்கு 33 தன் ஸ்லைடுகளை அனுப்பினான். ஃபைலாக இல்லை. லேப்டாப் திரையை போனில் படம் பிடித்து. கோணலாக, நட்ட நடுவில் டியூப் லைட் வெளிச்சத்தோடு. 35 அனுப்பியது ஒரே ஒரு ஸ்லைடு, 'தேங்க் யூ'. பனித்துளி உட்கார்ந்த ரோஜா படம் வைத்து. தேடி எடுக்க அரை மணி நேரம் ஆனதாம். 31க்குக் காய்ச்சல். அந்தக் காய்ச்சல் தியேட்டரில் பாப்கார்ன் சாப்பிட்டுக்கொண்டிருந்ததை அவன் ஸ்டேட்டஸில் நானே பார்த்தேன்.

எல்லாவற்றையும் திரும்ப டைப் செய்து முடிக்க இரண்டு மணி. காலையில், "ஒரு தடவை பேசிப் பார்த்துடலாமாடா?" என்று கெஞ்சினேன். "அதெல்லாம் ஃப்ளோல வந்துரும்" என்றான் 34.

வந்தது.

வகுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, திரையைப் பார்த்து, அம்மன் கோயில் கல்வெட்டைப் படிப்பது போல ஒவ்வொரு எழுத்தாகப் படித்தான். 2022இல் பள்ளிக்கரணை ராம்சார் தளமாக அறிவிக்கப்பட்டது என்பதை ஆங்கிலத்தில் ஒரே வரியாகப் போட்டிருந்தேன். அங்கே வந்ததும் நின்றான். தொண்டையைச் செருமினான். குரலில் திடீரென்று ஒரு பணிவு. "2022ல இருந்து பள்ளிக்கரணை வந்து... ராம் சாரோட சைட்."

மேம் பேனாவைக் கீழே வைத்தார். "யாரு?"

"ராம் சார், மேம்."

"எந்த டிபார்ட்மென்ட்?"

இந்த இடத்திலாவது வாயை மூடியிருக்கலாம். நான் கண்ணைக் காட்டினேன், இருமினேன், காலால்கூட உதைத்துப் பார்த்தேன். அதை உற்சாகப்படுத்துவதாக எடுத்துக்கொண்டான். "டிபார்ட்மென்ட் இல்ல மேம். அவர்தான் ஓனர்."

சுமார் 1,250 ஹெக்டேர். ஓனர்!

ராம்சார் என்பது ஈரானில் காஸ்பியன் கடலோரம் இருக்கிற ஊர். 1971இல் ஈரநிலங்களுக்கான ஒப்பந்தம் அங்கே கையெழுத்தானதால் அந்தப் பெயர். போன வாரம் டீக்கடையில் இதைப் பத்து நிமிடம் சொன்னேன். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டான், என் காசில் டீயும் குடித்தான். (அந்தச் சதுப்புநிலத்தில் குப்பைக்கிடங்கும் அடுக்குமாடியும் முளைத்திருப்பதைப் பார்த்தால், சைட் என்று அவன் சொன்னதில் பெரிய தப்பில்லை என்று இப்போது தோன்றுகிறது. அது வேறு விஷயம்.)

வகுப்பு சிரித்து அடங்க ஐந்து நிமிடம். மிச்சக் கேள்வியெல்லாம் எனக்கே வந்தது. மற்ற நான்கு பேரும் மேடையில் வரிசையாக, கல்யாணத்தில் போட்டோவுக்கு நிற்கிற பெரியப்பாக்கள் மாதிரி நின்றார்கள். கடைசியில் ரோஜா வந்தது. மார்க் 25க்கு 19. ஐந்து பேருக்கும் அதே 19. டீம் வொர்க்காம்!

ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்பார்கள். அதில் எத்தனை பேர் வடத்தை இழுக்கிறார்கள், எத்தனை பேர் சும்மா பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள் என்று யார் எண்ணியது? ரிங்கல்மான் என்கிற பிரெஞ்சுக்காரர் எண்ணியிருக்கிறார். ஆட்களைக் கயிறு இழுக்கவிட்டு அளந்து 1913இல் வெளியிட்டார். எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தால், ஆளுக்குப் பாதி பலம்கூட வருவதில்லை. பாதியா? அந்த எட்டுப் பேரையும் என் குரூப்பில் போடுங்கள் ஐயா, காலில் விழுகிறேன்.

சரி, முடிந்து தொலைந்தது என்று கேன்டீனுக்குப் போனால், 34 பின்னாலேயே வந்து தோளில் கை போடுகிறான். "நம்ம டீம் கலக்கிருச்சுல்ல மச்சி, ட்ரீட் எங்க?" கோபம் வரவேண்டிய இடத்தில் சிரிப்பு வந்துவிட்டது. வாங்கிக் கொடுத்தேன், ராம் சார் பெயரைச் சொல்லி.

ஆனால் அந்த முட்டை பப்ஸ் இருக்கிறதே! முதல் வருடம் சேர்ந்தபோது உள்ளே அரை முட்டை இருந்தது. இப்போது கால். இன்று பிய்த்துப் பார்த்தால் வெறும் வெள்ளைக்கரு, அதுவும் ஓரத்தில். மஞ்சள் கரு எந்த பப்ஸுக்குப் போனது? யாரைக் கேட்பது?