நாற்பது வினாடியில் நிலாவரை

ஊர் சுற்றிக் காணொளி போடுகிற ஒருவர் யாழ்ப்பாணம் வந்துபோய் வெளியிட்ட அந்தக் காணொளியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். எனக்கு மட்டும் இரண்டு நாளில் பதினொரு பேர் அனுப்பிவிட்டார்கள். "யாழ்ப்பாணத்துக்கு ஒரு நாள் போதும். கோட்டை, நூலகம், ஐஸ்கிரீம். மற்றபடி பார்க்க ஒன்றுமில்லை." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். புத்தூர் நிலாவரைக் கிணற்றடியில் அவர் நின்ற நேரத்தைக் கணக்கெடுத்தேன், நாற்பது வினாடி. "பச்சைத் தண்ணீர்க் கிணறு, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு வாகனத்தில் ஏறிவிட்டார். ஐஸ்கிரீமுக்கு நான்கு நிமிடம் கொடுத்தார். அதையும் எண்ணினேன். எனக்கு வேறு வேலை இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவருக்குப் பிடிக்கவில்லை என்பதில் எனக்கு வருத்தம் கிடையாது. பிடிக்காமல் போகட்டும். ஆனால் "பார்க்க ஒன்றுமில்லை" என்பது வேறு பேச்சு. கிணற்றடியில் நின்ற ஒருவரிடமாவது "ஐயா, இது என்ன?" என்று கேட்டுவிட்டு அதைச் சொல்லியிருக்கலாம்.

யாரும் கேட்காததால் நானே சொல்கிறேன். குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை. மலை இல்லை, அருவி இல்லை. ஐப்பசியிலிருந்து மார்கழி வரை கொட்டுகிற மழை சுண்ணாம்புக்கல் வெடிப்புகளுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் உப்புநீரின் மேலே மிதந்து நிற்கிறது. நன்னீர் கனம் குறைந்தது, அதனால் மிதக்கிறது. நிலாவரையில் மேலே அள்ளினால் நன்னீர், ஆழத்துக்குப் போனால் உப்பு. வானரங்களின் தாகம் தீர்க்க இராமர் அம்பு விட்ட இடம் என்பார்கள். நம்புகிறவர்கள் நம்பட்டும். எங்கள் வெங்காயமும் புகையிலையும், நான் குடித்து வளர்ந்த தண்ணீரும் இந்த மிதக்கிற நீரால் வந்தவை. அதன் மேல் நின்றுகொண்டு, பார்க்க ஒன்றுமில்லையாம்.

"உனக்குத் தெற்கின் மேல் பொறாமை" என்று ஒருவர் எழுதுவார், தெரியும். சிகிரியாவில் மூச்சு வாங்க வாங்க ஏறியவன் நான். சிங்கராஜாக் காட்டில் அட்டை கடித்தும் மனம் நிறைந்து திரும்பியவன். அவை இந்தத் தீவின் செல்வம், எனக்கும் சொந்தம். ஆனால் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இலங்கைக்கு 8 இடங்கள் இருக்கின்றன. வடக்கிலும் கிழக்கிலும் சேர்த்து ஒன்றுகூட இல்லை. இதைச் சொன்னால் பொறாமையா?

"அவர் என்ன ஆராய்ச்சியாளரா, ஊர் சுற்றுகிறவர்தானே" என்று இன்னொருவர். சரி. அப்படியானால் லட்சம் பேர் பார்க்கிற இடத்தில் தீர்ப்பு ஏன்?

"ஆள் வராமல் இருப்பதே நல்லது, வந்தால் போத்தல் எறிவார்கள்" என்பது மூன்றாவது வாதம். இதற்கு என்னிடம் உடனே பதில் இல்லை. எறிகிறவர்களில் பாதிப் பேர் நாங்கள்தான். அதை இன்னொரு நாள் பேசுவோம்.

கடலோரத்துக் கீரிமலைக் கேணியை அவர் எட்டியும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் "சின்ன நீச்சல் குளம்" என்றிருப்பார், வராததே மேல். எங்கள் அப்பா சிறுவயதில் அங்கே நீந்திப் பழகியவர். 1990இல் இடம்பெயர்ந்த பிறகு நினைத்த நேரத்தில் போகிற இடமாக அது இருக்கவில்லை. பிறகு எங்கெங்கோ வாடகை வீடுகளில் இருந்தபோது, "மதிலுக்கு அந்தப் பக்கம் கடல், இந்தப் பக்கம் நல்ல தண்ணீர்" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். வயதானவர் ஊர் நினைவில் கூட்டிச் சொல்கிறார் என்றே நினைத்தேன். அதை மறுபடி பார்க்காமலே அப்பா கண்ணை மூடிவிட்டார். நான் முதன்முதலில் அந்தக் கேணியில் இறங்கியது அவருக்காகத்தான், ஓர் ஆடி அமாவாசையில். பிதிர்க்கடன் முடித்து, பாசி பிடித்த படியில் கால் வழுக்க வழுக்க இறங்கி ஒரு முழுக்குப் போட்டேன். மதிலுக்கு அப்பால் அலை அடித்துக்கொண்டிருந்தது. உதட்டில் பட்ட தண்ணீர் கரிக்கவில்லை.

இதைக் காணொளியில் எப்படிக் காட்டுவது என்று கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது.

நெடுந்தீவுக்குப் படகு நேரம் ஒத்துவரவில்லை என்றார். குறிகட்டுவானிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரம், அவ்வளவுதான். முருகைக்கல் என்கிற பவளப்பாறைக் கல்லை அடுக்கிக் கட்டிய வேலிகளும், கட்டாக்காலியாகத் திரியும் குதிரைகளும், ஆப்பிரிக்கப் பெருக்கு மரமும் அவர் வருவார் என்று காத்திருக்கவில்லை. முல்லைத்தீவு வற்றாப்பளை கண்ணகி அம்மன் பொங்கலில் கடல்நீரில் விளக்கெரிப்பார்கள். மட்டக்களப்பில் பூரணை இரவில் கல்லடிப் பாலத்தடியில் துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு மறுமுனையில் காதை வைத்தால் மீன் பாடுவது கேட்கும் என்பார்கள். திருகோணமலை கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. பட்டியல் போடக் கூடாது என்று நினைத்துத்தான் தொடங்கினேன். கோபம் வந்தால் பட்டியல்தான் வருகிறது.

உண்மையில் எனக்குச் சுட்டது அந்த மனிதரின் பேச்சு அல்ல. அவர் யாரோ. காணொளியை அனுப்பிய பதினொரு பேரில் ஒருவன் என் அக்காவின் மகன். டொரோண்டோவில் பிறந்தவன், தமிழ் எழுத்துக் கூட்டி வாசிப்பான். சிரிப்புப் பொம்மை ஒன்றைப் போட்டு, "மாமா, நீங்கள் சொன்ன ஊர் இதுவா?" என்று கேட்டிருந்தான்.

இவனுக்கு நான் தொலைபேசியில் எத்தனை முறை சொல்லியிருப்பேன்! வாடைக்காற்றுக் காலத்தில் பட்டத்துக்குக் காற்றில் கூவுகிற விண் பூட்டுவதை, வில்லாக வளைத்த தடியில் நாரை இழுத்துக் கட்டி, கையில் பிடித்து விசுக்கிப் பார்த்து, குரல் சரியில்லை என்று மறுபடி அவிழ்த்துக் கட்டுவதை. மாலையில் ஏற்றிய பட்டத்தைப் பனையில் கட்டிவிட்டுப் படுத்தால் விடியும்வரை அது கூவிக்கொண்டிருக்கும். அரைத்தூக்கத்திலும் எது யாருடைய விண் என்று சொல்லிவிடுவோம். வல்வெட்டித்துறையில் தைப்பொங்கலன்று நடக்கும் பட்டத் திருவிழாவுக்கு ஊரே கடற்கரையில் நிற்கும் என்பதையும் சொன்னேன். "ஓம் மாமா, ஓம் மாமா" என்று கேட்டுக்கொண்டுதான் இருந்தான். நாற்பது வினாடி நின்றவரின் காணொளி அதை அழித்துவிட்டது. அல்லது நான்தான் சரியாகச் சொல்லவில்லையோ என்னவோ.

வருகிற தை மாதம் நண்பர்களோடு இலங்கைக்கு வருகிறானாம். டிக்கெட் போட்டாகிவிட்டது. எல்ல, மிரிஸ்ஸ, கண்டி என்று பயணத் திட்டத்தை அனுப்பியிருக்கிறான். யாழ்ப்பாணத்துக்கு ஒரு நாள் ஒதுக்கியிருக்கிறான்.

ஒரு நாள்.