3 ஆட்டமும் ஒரு பலகையும்

இங்கிலாந்துக்காக வெறும் 3 ஆட்டம். அந்தக் காலக் கால்பந்து வீரர் சார்லி ராபர்ட்ஸைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு உச்சுக்கொட்டுகிறார்கள். பாவம் மனுஷன், வீரர்கள் சங்கம் அது இது என்று போகாமல் இருந்திருந்தால் முப்பது ஆட்டமாவது ஆடியிருப்பார் என்று. எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. கொஞ்சம் நீளமாகத்தான் சொல்லப்போகிறேன், அவசரக்காரர்கள் லைக் போட்டுவிட்டு நகரலாம்.

ஆள் யார் என்று கேட்பவர்களுக்கு: 1883-இல் டார்லிங்டனில் பிறந்தவர். கிரிம்ஸ்பி டவுனில் ஆடிக்கொண்டிருந்தவரை 1904-இல் மான்செஸ்டர் யுனைடெட் வாங்கியது. அப்போது யுனைடெட் இரண்டாம் டிவிஷன் அணி. ராபர்ட்ஸ் ஆடியது சென்டர் ஹாஃப். இன்றைக்கு அந்தப் பெயரைக் கேட்டால் பெனால்டி பாக்ஸுக்குள் மரம் மாதிரி நின்று தலையால் முட்டி அனுப்புகிற ஆள்தான் ஞாபகத்துக்கு வருவார். 1925-இல் ஆஃப்சைடு விதியை மாற்றிய பிறகு வந்த ஏற்பாடு அது. அதற்கு முன்பு சென்டர் ஹாஃப் என்றால் மைதானத்தின் நட்ட நடுவில் நிற்பவர், எதிரணியின் தாக்குதலை உடைப்பதும் அவர்தான், உடைத்த பந்தை எடுத்துக்கொண்டு முன்னால் ஓடி நம் தாக்குதலை ஆரம்பிப்பதும் அவர்தான். ஆட்டம் முழுக்க மேலும் கீழும் ஓடவேண்டும். ராபர்ட்ஸ் நல்ல உயரம், அதோடு முகம் வெளுத்துப்போய் இருக்குமாம், அதனால் 'பூட்ஸ் போட்ட பேய்' என்று பட்டப்பெயர்.

இன்னொன்று, கால்சட்டை முழங்காலை மறைக்கவேண்டும் என்று இங்கிலாந்துக் கால்பந்தின் தலைமை அமைப்பான எஃப்ஏ அந்தக் காலத்தில் விதி போட்டது. இவர் குட்டைக் கால்சட்டையோடுதான் வருவார். ஓடுவதற்கு எது வசதியோ அதைப் போட்டுக்கொள்வேன், உனக்கென்ன என்கிற மாதிரி. பின்னால் நடந்ததெல்லாம் அந்தக் கால்சட்டையிலேயே தெரிகிறது என்று எனக்குத் தோன்றும்.

கோப்பைக் கணக்கைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். 1908-இலும் 1911-இலும் லீக் பட்டம், 1909-இல் எஃப்ஏ கோப்பை, மூன்றுக்கும் இவர்தான் கேப்டன். யுனைடெட்டில் இருந்துகொண்டு இங்கிலாந்துக்கு ஆடிய முதல் ஆளும் இவரே.

சரி, சங்கத்துக்கு வருவோம். 1907-இல் யுனைடெட்டின் ரிசர்வ் அணி ஆட்டம் ஒன்றில் தாமஸ் பிளாக்ஸ்டாக் என்ற வீரர் பந்தைத் தலையால் முட்டினார், சரிந்தார், இறந்துபோனார். குடும்பத்துக்கு இழப்பீடு கிடைக்கவில்லை. அப்போது ஒரு வீரருக்கு வாரச் சம்பளம் அதிகபட்சம் 4 பவுண்டு, அதற்கு மேல் எந்த கிளப்பும் கொடுக்கக்கூடாது என்று 1901-இலிருந்தே விதி. ஆலைத் தொழிலாளியோடு ஒப்பிட்டால் இது நல்ல சம்பளம்தான், மறுக்கவில்லை. ஆனால் முழங்கால் போனால் அதோடு முடிந்தது, வேறு கிளப்புக்குப் போகலாம் என்றால் இருக்கிற கிளப் விடவேண்டும். 1907 டிசம்பர் 2-ஆம் தேதி மான்செஸ்டர் இம்பீரியல் ஹோட்டலில் கூடி வீரர்கள் சங்கம் தொடங்கினார்கள். கூட்டத்துக்குத் தலைமை யுனைடெட்டின் பில்லி மெரிடித், பக்கத்தில் ராபர்ட்ஸ்.

மற்ற தொழிற்சங்கங்களின் கூட்டமைப்போடு இவர்கள் சேரப்போகிறார்கள் என்றதும் எஃப்ஏ-வுக்கு வியர்த்துவிட்டது. 1909 கோடையில் உத்தரவு: சங்கத்தை விட்டு விலகுங்கள், இல்லாவிட்டால் ஆடமுடியாது. நாடு முழுக்க வீரர்கள் வரிசையாக விலகினார்கள். நான் அவர்களைக் குறை சொல்லமாட்டேன். பல வருஷத்துக்கு முன் என் வேலையிடத்தில் ஒரு கோரிக்கை மனுவில் கையெழுத்துக் கேட்டு வந்தபோது, சட்டைப்பையில் பேனாவை வைத்துக்கொண்டே பேனா தேடப்போன ஆள் நான்.

யுனைடெட் வீரர்கள் விலகவில்லை. அதுவும் ஏப்ரலில்தான் எஃப்ஏ கோப்பையைத் தூக்கியிருந்தார்கள். இடைநீக்கம், கோடைக்காலச் சம்பளமும் இல்லை. கிளப் அலுவலகத்துக்குப் போய்ப் பணம் கேட்டார்கள், ஒன்றும் பெயரவில்லை, உடனே கண்ணில் பட்ட சாமான்களை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். கோப்பை இறுதியாட்டத்தில் கோல் போட்ட சாண்டி டர்ன்புல் சுவரில் இருந்த முகம் பார்க்கும் கண்ணாடியைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு நடந்தாராம். அப்புறம் அதையெல்லாம் திருப்பிக் கொடுக்கவைத்தது ராபர்ட்ஸ்தான். கேப்டன் வேலை என்றால் இதுவும் சேர்த்தி.

சொந்த மைதானம் கிடையாது என்றாகிவிட்டதால் ஃபாலோஃபீல்டில் போய்ப் பயிற்சி செய்தார்கள். ஒருநாள் படம் பிடிக்க ஒருவர் வந்தார். எல்லாரையும் வரிசைப்படுத்திக்கொண்டிருக்கும்போது ராபர்ட்ஸ் எங்கிருந்தோ ஒரு பலகைத் துண்டைத் தேடி எடுத்து 'தள்ளிவைக்கப்பட்டோர் கால்பந்து கிளப் 1909' என்று அதில் எழுதி, தன் முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மறுநாள் பத்திரிகையில் முதல் பக்கம். அந்தப் படத்தை இணையத்தில் தேடிப் பாருங்கள், எனக்கு அதில் தியாகம் எதுவும் தெரியவில்லை, பெஞ்சு மேல் ஏறி நிற்கச் சொன்னால் அங்கிருந்தே வகுப்பைச் சிரிக்கவைக்கிற பையன்தான் தெரிகிறான். இத்தனைக்கும் அவருக்கு வரவேண்டிய நன்கொடை ஆட்டத்தில், அதாவது வசூலை வீரருக்கே கொடுக்கிற ஆட்டத்தில், 500 பவுண்டு உறுதியாகக் கிடைப்பதாக இருந்தது. வாரம் 4 பவுண்டு வாங்குகிறவருக்கு இரண்டு வருஷச் சம்பளத்துக்கும் மேல்! தடை நீடித்தால் அதுவும் போயிருக்கும்.

ஆகஸ்ட் கடைசியில், சீசன் தொடங்கும் தறுவாயில் எஃப்ஏ இறங்கி வந்து சங்கத்தை ஏற்றுக்கொண்டது. முழு வெற்றி என்று சொல்லமாட்டேன். கூட்டமைப்போடு சேரும் திட்டம் போயிற்று, சம்பள உச்சவரம்பு என்ற ஏற்பாடு 1961 வரை ஒழியவில்லை.

இப்போது அந்த 3 ஆட்டம். மூன்றும் 1905-இல் ஆடியவை. சங்கம் வந்ததோ 1907 டிசம்பரில். இடையில் இரண்டு வருஷத்துக்கு மேல் இருக்கிறதே, அப்போதும்தானே எடுக்கவில்லை? 1907 தொடக்கத்திலேயே பிரிஸ்டல் சிட்டியின் பில்லி வெட்லாக் அந்த இடத்துக்கு வந்துவிட்டார். குள்ளம், குண்டு, ரப்பர் பந்து மாதிரி ஆள், 1914-க்குள் 26 ஆட்டம். அவரும் சாதாரண ஆட்டக்காரர் இல்லை. சங்கத்துக்காக ராபர்ட்ஸைப் பழிவாங்கினார்கள் என்பதை நான் நம்புகிறேன், ஆனால் எல்லாமே அதனால்தான் என்று எழுதினால் வெட்லாக்குக்கு அநியாயம். வேடிக்கை என்னவென்றால் 1909 இறுதியாட்டத்தில் எதிரே நின்றது இதே வெட்லாக்கின் பிரிஸ்டல் சிட்டி. 1-0, கோப்பை ராபர்ட்ஸ் கையில்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. இங்கிலாந்தில் தங்கியிருந்த ஓர் இத்தாலிய இளைஞர் ராபர்ட்ஸின் ஆட்டத்தில் கிறங்கிப்போய், ஆட்டம் முடிந்ததும் காத்திருந்து அவரிடம் பேசுவார். பெயர் விட்டோரியோ போட்ஸோ. 1934-இலும் 1938-இலும் இத்தாலி உலகக் கோப்பை வென்றபோது பயிற்சியாளர் அவர்தான். மற்றவர்கள் சென்டர் ஹாஃபைப் பின்னால் இழுத்துக் கட்டிப்போட்ட காலத்திலும், ராபர்ட்ஸ் மாதிரி நடுவில் நின்று இரண்டு பக்கமும் நீளப் பந்து அனுப்புகிற ஆள்தான் வேண்டும் என்று அடம்பிடித்தார். 1934-இல் லூயிஸ் மோன்டி ஆடியது அந்த வேலையைத்தான். வெட்லாக்கின் அந்த 26 ஆட்டத்தில் ஒன்றுக்கும் இப்படி ஒரு வாரிசு இல்லையே.

1913-இல் 1,500 பவுண்டுக்கு ஓல்டம் அத்லெட்டிக்குக்கு விற்றார்கள். அங்கேயும் கேப்டன், 1915-இல் ஒரே ஒரு புள்ளியில் லீக் பட்டத்தை எவர்ட்டனிடம் கோட்டைவிட்டார்கள். அப்புறம் போர், முழங்கால் காயம், ஓய்வு. 1939 ஆகஸ்டில், 56 வயதில் இறந்துபோனார்.

கால்பந்தோடு புகையிலை வியாபாரமும் நடத்தினார். கடையில் ஒரு சரக்குக்கு 'டுக்ரோபெல்' என்று பெயர் வைத்தார். யுனைடெட்டின் ஹாஃப்பேக் வரிசை, அதாவது நடுக்களத்து மூவர், டக்வொர்த், ராபர்ட்ஸ், பெல். முதலாளி இவர், பெயரைத் தன்னில் ஆரம்பித்திருக்கலாம். வைக்கவில்லை. மைதானத்தில் நின்ற அதே வரிசை, 'ரோ' நடுவில்.