பிராமை மடிக்கலாம், என்னை மடிக்க ஏலாது

லண்டன் பஸ்ஸில வீல்செயார் இடத்தில பிராமோட (பிள்ளையை வைச்சுத் தள்ளுற வண்டில்) நிண்ட ஒரு தாய், வீல்செயார்காரர் ஒருத்தருக்கு இடம் விடாத அந்த வீடியோவை எல்லாரும் பாத்திட்டியள், திரும்ப விவரிக்கப் போறதில்லை. நானும் வீல்செயார்காரிதான்; வீடியோவை விட அதுக்குக் கீழ எங்கட சனம் எழுதினதுதான் எனக்கு இன்னும் நெஞ்சுக்குள்ள நிக்குது. "பச்சைப்பிள்ளைக்காரி, பாவம்." "வீல்செயார்காரர் கொஞ்சம் பொறுத்தால் என்ன, லண்டனில அடுத்த பஸ் அஞ்சு நிமிசத்தில வரும்தானே." ஒருத்தர் நீதவான் மாதிரி "ரெண்டு பேரும் விட்டுக்குடுத்துப் போகவேணும்" எண்டு தீர்ப்பே எழுதியிருக்கிறார். அதுக்குத்தான் கூட லைக்.

விட்டுக்குடுக்கிறதெண்டால் என்னெண்டு சொல்லித்தாங்கோ. பிராமை மடிக்கலாம். பிள்ளையைத் தூக்கி மடியில வைக்கலாம். நான் என்னத்தை மடிக்கிறது? காலையோ?

நடுக்கதவுக்குக் கிட்ட இருக்கிற அந்த இடம் எவ்வளவு பெரிசு தெரியுமோ? சட்டத்தில அளவு போட்டிருக்கு: நீளம் 1300 மில்லிமீற்றர், அகலம் 750. அதுக்குள்ள பஸ் போற திசைக்கு முதுகைக் காட்டி, அந்தத் தடிச்ச பலகையில சாய்ஞ்சு இருக்கவேணும். முழு பஸ்ஸிலயும் எனக்கெண்டு இருக்கிறது இவ்வளவுதான். மேல்தட்டு, பின்சீற், படியடி எல்லாம் உங்களுக்கு. அதில நான் பங்கு கேக்கேல்லையே.

இந்த இடம் சும்மா வந்ததுமில்லை. தொண்ணூறுகளில வீல்செயார் ஆக்கள் லண்டன் றோட்டில பஸ்ஸோட தங்களைக் கைவிலங்கு போட்டுப் பூட்டிக்கொண்டு கிடந்தவை. படி இல்லாமல் ஏறக்கூடிய தாழ்தள பஸ் இஞ்ச முதல் ஓடினது 1994இல. 1995இல மாற்றுத்திறனாளியளைப் பாகுபாடாய் நடத்தக்கூடாதெண்டு சட்டம் வந்தது. 2005 முடியேக்கதான், றூட்மாஸ்ரர் எண்ட பழைய படிவைச்ச ரெட்டைத்தட்டு பஸ்ஸுகளை விட்டால், லண்டன் பஸ் முழுக்கத் தாழ்தளம் ஆனது. அதுக்கு முந்தி பிள்ளைக்காரர் என்ன செய்தவை? பிராமை மடிச்சு, பிள்ளையை இடுப்பில வைச்சு, படி ஏறினவை. பொலிஸ் தூக்கிக்கொண்டு போற அளவுக்கு மல்லுக்கு நிண்டு எடுத்த இடத்துக்கு இப்ப பிராமும் வருது. வரட்டும், சந்தோசம். ஆனா நான் வந்தால் பிராம் விலகவேணும். பஸ்ஸுக்குள்ளயே எழுதி ஒட்டிக்கிடக்கு, வீல்செயாருக்குத்தான் முன்னுரிமை எண்டு.

"சட்டத்தில அப்பிடி பிராம்காரரை இறக்கச் சொல்லேல்லை" எண்டு ஒரு தம்பி வந்து எழுதியிருக்கிறார். தம்பி, அரைவாசி சரி. 2012இல டக் போலி எண்ட ஒரு வீல்செயார்காரர் வட இங்கிலாந்தில வெதர்பியில இருந்து லீட்ஸுக்குப் போக நிண்டவர். பிள்ளை நித்திரை, பிராமும் மடியாது எண்டு ஒரு தாய் சொல்ல, அவரை ஏத்தாமலே பஸ் போட்டுது. மனிசன் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனார். 2017 ஜனவரியில தீர்ப்பு: றைவர் ஒருக்கா "பிளீஸ்" எண்டு கேட்டிட்டுச் சும்மா இருக்கிறது காணாது. நியாயமில்லாமல் மறுத்தால் உறுத்திச் சொல்லவேணும், தேவையெண்டால் பஸ்ஸைக் கொஞ்ச நேரம் நிப்பாட்டி வைச்சும் பாக்கலாம். ஆளை இழுத்து இறக்கச் சொல்லேல்லைத்தான். கீழ்க்கோர்ட் குடுத்த 5,500 பவுண் நட்டஈட்டையும் திருப்பிக் குடுக்கேல்லை. வென்றும் வெறுங்கை. எங்கட வெற்றியெல்லாம் இப்பிடித்தான்.

றைவருக்கும் சங்கடம்தான், விளங்குது. ஆனா அது சம்பளம் வாங்கிற சங்கடம்.

"இரட்டைப் பிள்ளைக்காரி என்ன செய்யிறது?" நல்ல கேள்வி. கஸ்ரம்தான். ஆனா பஸ்ஸில இருக்கிற மற்ற நாப்பது பேரும் ஏன் போனைப் பாத்துக்கொண்டிருக்கினம்? ஒருத்தர் ஒரு பிள்ளையைத் தூக்கினால், இன்னொருத்தர் பையைப் பிடிச்சால் முடிஞ்சுது. இடம் காணாதெண்டால் பஸ் கொம்பனியிட்டக் கேளுங்கோ, ரெண்டு சீற்றைக் கழட்டச் சொல்லி. நானும் வந்து கையெழுத்து வைக்கிறன். என்னட்டை வந்து "பொறு" எண்டாதேங்கோ.

அடுத்த பஸ்ஸைப் பற்றியும் சொல்லுறன். மருமகளின்ர சாமத்தியவீட்டுக்கு வெளிக்கிட்ட நாள், சீலையும் கட்டி, நல்ல மழை. வந்த பஸ்ஸில எல்லாம் பிராம், கைபிடியில மரக்கறிப் பை தொங்குது. றைவர் கண்ணாடிக்குப் பின்னால இருந்து ரெண்டு கையையும் விரிக்கிறார். பிறகு ஒண்டில ஒரு தமிழ்ப்பிள்ளை நிண்டா. நல்ல மரியாதையா, "அக்கா, இவன் இப்பதான் நித்திரையானவன், குறை நினைக்காதேங்கோ" எண்டா. கதவு பூட்டிப் பஸ் வெளிக்கிடேக்க கையும் காட்டினா. சத்தம் போட்டிருந்தால் எனக்கு இவ்வளவு நொந்திராது. ஹோலுக்குப் போக ஆரத்தி முடிஞ்சுது. "ரக்ஸியில வந்திருக்கலாமே" எண்டு ஒரு மாமி. ரக்ஸிக்காசு மாமி தருவாவோ?

நான் பிள்ளைத்தாய்மாருக்கு எதிரியில்லை. இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டிக்கிடக்கிறதே கொடுமை. நாங்கள் ரெண்டு பேரும் ஒரு பலகை இடத்துக்கு அடிபட, இடம் ஒதுக்கிறவன் கால்மேல கால் போட்டு இருக்கிறான்.

சைக்கிளைப் பாருங்கோ. 2025 பெப்ரவரியில லண்டன் றெயினர்ஸ் லேன் ஸ்ரேசனில ஒரு இ-பைக் (பற்றரி சைக்கிள்) தீப்பிடிச்சுது. மார்ச் 31இல இருந்து மடிக்க ஏலாத இ-பைக் ஒண்டும் ரியூப்பில, அதுதான் நிலக்கீழ் ரெயினில, ஏத்தக்கூடாதெண்டு தடை. நல்ல விசயம், உயிர்ப் பிரச்சினை. ஆனா மனம் இருந்தால் ஒரு மாதத்தில "கூடாது" எண்டு சொல்லலாம் எண்டு தெரியுதுதானே? எங்கட விசயத்தில மட்டும் இவ்வளவு வருசமா "பிளீஸ்". நாங்கள் தீப்பிடிக்கிறேல்லை, அதுதான் பிழை.

இன்னொண்டும் சொல்லவேணும். இந்தப் "பாவம்" எண்டுற சொல்லை எங்கட ஆக்கள் எனக்கு எத்தினை தரம் சொல்லியிருப்பினம்! கோயிலில பாவம், கலியாணவீட்டில பாவம். கையைப் பிடிச்சுக் கண்கலங்குவினம். ஆனா ஹோல் எடுக்கேக்க படி இருக்கோ எண்டு ஒருத்தரும் கேக்கிறேல்லை. நாலு பொடியள் கதிரையோட சேத்துத் தூக்குவாங்களாம். நான் என்ன சப்பறமோ? அப்பிடிப்பட்ட பாவம்கூட ஒரு பிராம் வந்து நிண்டவுடன அந்தப் பக்கம் போட்டுது, பாத்தியளோ.

நேற்று இரவு மச்சாள் போன் எடுத்தவ. வீடியோவில பிராமோட நிண்ட பிள்ளை தெரிஞ்ச இடத்துச் சொந்தமாம், நான் எழுதப் போறன் எண்டு கேள்விப்பட்டவவாம், பேர் ஒண்டும் போட்டிடாதையாம். நான் போடேல்லை, போடவும் மாட்டன். அந்த வீல்செயாரில இருந்த மனிசன் ஆற்ற சொந்தம் எண்டு மட்டும் அவ கேக்கேல்லை.