விளக்கு எரிந்தால் மட்டும் போதாது
"சிவப்பு விளக்கு எரிகிறதா, அப்போ பவர் சப்ளை நல்லாத்தான் இருக்கு" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார், 1980-களின் வீட்டுக் கம்ப்யூட்டரான கமடோர் 64 விஷயத்தில் இதை நம்பாதீர்கள். அதன் பவர் சப்ளை பெட்டி தருவது 5 வோல்ட் டிசியும் 9 வோல்ட் ஏசியும். உள்ளே வோல்டேஜை நிலையாக வைத்திருக்கும் ரெகுலேட்டர் கெட்டால் பல நேரம் 5 வோல்ட் குறையாது, ஏறும். விளக்கு பாட்டுக்கு எரிந்துகொண்டிருக்கும், கம்ப்யூட்டரின் ராம் (நினைவக) சிப்புகள்தான் போய்விடும். திறந்து சரிபார்க்கலாம் என்றால் பலவற்றில் எப்பாக்ஸி என்ற இறுகிப்போகும் பிசினை ஊற்றி அடைத்திருக்கிறார்கள், என்ன புத்தியோ! கம்ப்யூட்டரில் செருகாமல் மல்டிமீட்டரால் (வோல்டேஜ் அளக்கும் கருவி) அளந்து பாருங்கள், 5 வோல்ட் டிசி 5.25-ஐத் தாண்டினால் தூக்கிப் போடுங்கள். சரியாகக் காட்டினாலும், சூடேறிய பிறகு ஏறுவது உண்டு. மல்டிமீட்டர் இல்லையென்றால் சிங்கப்பூரில் எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் உள்ள சிம் லிம் டவர் பக்கம் போங்கள், ஆனால் எப்படியும் புது சப்ளையே வாங்கிவிடுவது மேல்.